மாடிவீட்டுக் குறுக்குவழி

பெனிட்டா, ரோஷன், இரண்டு பேரும் அந்த போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள். (சார்ஜில் போட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது.) நேற்றுச் சாப்பிடும்போது, "அப்பா, கம்ப்யூட்டர் கேம்ல நீ விளையாடுனதுலயே உனக்குப் பிடிச்ச மேப் எது?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, அவள் சிரிக்கிறாளா இருமுகிறாளா என்று கண்டுபிடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவளுக்கு ஏன் புரையேறியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போய் மோட்டார் வைண்டிங் கற்றவன். செப்புக் கம்பியைச் சுற்றுகிற அளவுக்கு வாக்கியத்தைச் சுற்ற வராது. பிழை இருந்தால் மன்னித்துவிட்டு மேலே போங்கள்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊர் நமக்கு மூலை முடுக்கெல்லாம் தெரிய வேண்டுமென்றால் ஒன்று அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் ஒவ்வொரு மூலையிலும் சுடப்பட்டுச் செத்திருக்க வேண்டும். இரண்டாவது வழியில் ஊரைத் தெரிந்துகொண்டவன் நான்.

உங்கள் ஆட்டத்தில் பெரிய தீவு ஒன்று வருகிறது. விமானத்திலிருந்து குடை விரித்துக் குதிக்கிறீர்கள். இன்றைக்கு இறங்கிய வீட்டில் நாளைக்கு இறங்குவதில்லை. டூரிஸ்ட் பஸ்ஸில் போய்விட்டு வந்த மாதிரிதான். எங்கள் காலத்து மேப்பெல்லாம் இரண்டு தெரு, நான்கு சந்து, அவ்வளவுதான். ஆனால் ஒளிந்துகொள்கிற ஒவ்வொரு பெட்டியும் சொந்தக்காரன் மாதிரிப் பழகிவிடும். பாலைவன ஊர் ஒன்று இருந்தது. மண் நிறச் சுவர், நடுவில் ஒரு இரட்டைக் கதவு. அந்த இரண்டு கதவுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சம் சட்டென்று மறைந்து திரும்ப வந்தால், அந்தப் பக்கம் எவனோ கடந்து போகிறான் என்று அர்த்தம். ஒரே ஒரு இடுக்கை வைத்து இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்படி செய்திருக்கிறானே, அதைக் கட்டியவன் யாரோ, எந்த நாடோ, அவன் கையைப் பிடித்து ஒருமுறை குலுக்க வேண்டும் என்று இப்போதும் நினைப்பேன்.

பனி மூடிய அணைக்கட்டு ஒன்றும் பிடிக்கும். அணை மேல் நீளமாக ஒரு பாதை; ஒளிய ஒரு இடம் கிடையாது; ஓடித்தான் கடக்க வேண்டும். (வைகை அணைக்கு உங்களைக் கூட்டிப் போனபோது மதகுகளுக்கு மேல் நான் குனிந்து குனிந்து நடந்ததைப் பார்த்து, "இடுப்பு வலியாப்பா?" என்று கேட்டாயே பெனிட்டா, அது இடுப்பு வலி இல்லை.) தனியாளாக ஆடுகிற ஆட்டங்களில் தண்ணீருக்கடியில் நீந்துகிற கட்டம் வரும். மூச்சு தீர்ந்துவிடும், திசை தெரியாது, எல்லாரும் திட்டுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். மேலே ஒளி ஆட, கீழே நாம் மட்டும். முல்லையாற்று வாய்க்காலில் முங்கிக் கண் திறந்து பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த மேப், உலகத்தில் மொத்தம் ஒரே ஒரு கடையில் மட்டும் இருந்தது. அதைக் கட்டியவன் உங்கள் சிக்கந்தர் மாமா.

உத்தமபாளையத்தில் சிக்கந்தர் அப்போது கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். யு.பி.எஸ். ரிப்பேர் பார்க்க மார்க்கையன்கோட்டையிலிருந்து என்னைக் கூப்பிட்டான். ரிப்பேர் முடிந்ததும், "ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போ மாப்ள, லோடு தாங்குதான்னு தெரிஞ்சுக்குவோம்" என்றான். அந்த லோடு டெஸ்ட் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. என் வைண்டிங் கடையைச் சாத்தினதும் நேராக பஸ் ஏறி அங்கே போய்விடுவேன்.

நாங்கள் ஆடிய துப்பாக்கி ஆட்டத்தில் சொந்தமாக மேப் கட்டுவதற்கு ஒரு சாமான் கூடவே வரும். சிக்கந்தர் அதை இன்டர்நெட்டைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். எந்த ஊரைக் கட்டலாம் என்று யோசித்து, பக்கத்திலிருக்கிற அனுமந்தன்பட்டியைக் கட்டினான். அவன் அத்தா திராட்சை வியாபாரி. அறுப்புக் காலத்தில் அனுமந்தன்பட்டியில் வீடு வீடாகப் போய் விலை பேசுவார். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இவனும் அந்தத் தெருக்களில் எல்லாம் சுற்றியிருக்கிறான்.

எப்படிக் கட்டியிருந்தான் என்கிறீர்கள்! ஆட்டம் தொடங்கும்போது ஒரு அணி பஸ் நிறுத்தத்தில் பிறக்கும். இன்னொரு அணி வாய்க்கால் கரையில். நடுவில் சிலுவை வைத்த நம் கோயில். மணிக்கூண்டு, படிகள், முன்னால் கொடிமரம் எல்லாம் இருக்கும். கோயிலுக்குள் மட்டும் யாரும் சுடக் கூடாது என்பது சிக்கந்தரின் சட்டம். "உங்காளுக கும்புடுற எடம் மாப்ள. உள்ள போயிட்டா ஆள விட்றணும்" என்பான். ஆட்டத்தில் சுடப்பட்டு ரத்தம் குறைந்தவர்கள் எல்லாரும் கோயிலுக்குள் போய் வரிசையாக நிற்பார்கள். (நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனதை விட அந்தக் கோயிலுக்குள் போனதுதான் அதிகம்.) வாய்க்கால் பக்கம் போனால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அதை அவன் நிஜ வாய்க்காலில் போய் டேப்பில் பிடித்து வந்து வைத்தான்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்து. அங்கேதான் அவனுக்குச் சிக்கல். "மேப்புல முட்டுச்சந்தே இருக்கக் கூடாது மாப்ள. தொரத்துறவனுக்கு ரெண்டு வழி இருந்தா ஓடுறவனுக்கு மூணு வழி வேணும். இல்லாட்டி அது ஆட்டம் இல்ல, எலிப்பொறி" என்பான். அதனால் சந்தின் கடைசியிலிருந்த ஒரு மாடிவீட்டை வழியாக மாற்றிவிட்டான். வாசல் வழியே நுழைந்தால் கூடம். கூடத்தின் பின்கதவைத் திறந்து சட்டென்று இடது பக்கம் திரும்பினால் மாடிப்படி. மேலே தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து பின்பக்கம் குதித்தால் வைக்கோல் படப்பு. விழுந்து எழுந்து வாய்க்காலுக்கு ஓடிவிடலாம். அந்தக் குறுக்குவழியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தொட்டிக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டால் சிக்கந்தரே மேலே வரத் தயங்குவான்.

இத்தனைக்கும் நிஜ அனுமந்தன்பட்டிக்குள் நான் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. பஸ்ஸில் போகும்போது ரோட்டிலிருந்து பார்த்ததோடு சரி.

இந்த நிலையில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். முந்தி வந்த இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில் "பையன் ரொம்ப அமைதியா இருக்காக" என்றார்கள். இன்னொரு வீட்டில் "பையன் ரொம்பப் பேசுறாக" என்றார்கள். அம்மா உபவாசம், நேர்ச்சை என்று இறங்கிவிட்டாள். மூன்றாவதாக வந்தது செலின் என்ற பெண்ணின் போட்டோ. அதைப் பார்த்த அன்றைக்கு ஒரு பம்ப்செட் மோட்டாருக்கு காயிலைத் தலைகீழாகக் கட்டிக் கொடுத்துவிட்டேன். (அந்தப் பெண்தான் உங்கள் அம்மா என்பதை மறைத்து வைத்தால் கதைக்கு நல்லது. ஆனால் நீங்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்து எதிரே உட்கார்ந்திருப்பதால் அதற்கு வழியில்லை.) பெண்ணுக்கு ஊர் அனுமந்தன்பட்டி. எனக்கு இது இறைவனின் ஏற்பாடு என்றே தோன்றியது. மறுபடி தட்டிப்போனால் சென்டரில் கேலி செய்வார்கள் என்று சிக்கந்தரிடம் மூச்சு விடவில்லை.

பெண் பார்க்கப் போனது அம்மா, தாய்மாமா சூசை, நான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சூசை மாமா என் காதருகே வந்தார்.

"இந்தா பாருடா ஆரோக்கியம், அந்தப் பொண்ணோட அப்பா இன்னாசி, கண்டிப்பான ஆளு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்தச் சுடுற ஆட்டத்தப் பத்தி வாயத் தொறந்தே, அங்கனயே விட்டுட்டு வந்துருவேன்."

"சரி மாமா."

"வீடு கோயிலுக்குப் பின்னாடி ஒரு சந்துல கடைசியாம். யார்ட்டயாவது வழி கேப்போம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். கோயிலுக்குப் பின்னால், சந்தில், கடைசி வீடு. என் மாடிவீடு! எத்தனை தடவை அதற்குள் ஓடியிருப்பேன், எத்தனை தடவை அங்கே செத்திருப்பேன்!

"கேக்க வேணாம் மாமா. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. எல்லாம் அப்படியே இருந்தன. அந்த டீக்கடை, அந்தக் குழாயடி, அந்த வளைவு. சிக்கந்தர் ஒரு வேப்பமரத்தைக்கூட இடம் மாற்றி நடவில்லை. மணிக்கூண்டைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு மனுஷன் ஒரு ஊரை இவ்வளவு பிரியமாகப் பார்த்து வைத்திருக்க முடியுமா என்று மலைத்துப் போனேன். மலைப்பில், என் உடம்பு தன் பாட்டுக்கு வேறு வேலையைத் தொடங்கிவிட்டதைக் கவனிக்கவில்லை.

"ஏலே, எதுக்குடா செவுத்த ஒரசிக்கிட்டே நடக்குற? புதுச் சட்ட பூரா சுண்ணாம்பு!" என்றாள் அம்மா.

ஒவ்வொரு மூலையிலும் நின்று தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறேன். கோயில் முன்பிருந்த திறந்த வெளியை ஒரே ஓட்டமாகக் கடந்திருக்கிறேன். குழாயடியில் நின்ற ஒரு பெண் இன்னொருத்தியிடம், "யாரு இவுக? போலீசுக்குப் பயந்து வந்தவுக மாதிரி இருக்காக" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது.

இன்னாசி ஐயா வாசலில் நின்றிருந்தார். வெள்ளை மீசை, வெள்ளை வேட்டி, பார்வை மட்டும் கறுப்பு.

"வாங்க, வாங்க. வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்லைங்க. மாப்பிள்ளதான் கூட்டிட்டு வந்தாக" என்று சூசை மாமா பெருமையாகச் சொன்னார்.

"அப்படியா? இதுக்கு முந்தி இங்கன வந்திருக்காகளோ?"

"வந்ததே இல்லைங்க" என்றேன். அது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே அழைத்துப் போனார்.

கூடம் அப்படியே இருந்தது. அகலம், ஜன்னல், பின்கதவு எல்லாம் அச்சு அசல். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் என் கண் பின்கதவிலேயே இருந்தது. (எந்தக் கதவுக்கும் முதுகைக் காட்டி உட்காரக் கூடாது என்பது முதல் பாடம்.) பெரியவர்கள் பூசை நேரம், மழை, திராட்சை விலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டில் வாழைக்காய் பஜ்ஜி வந்தது. கை பூரா எண்ணெய்.

"கை கழுவணும்" என்றேன்.

"அதுக்கென்ன, இப்படி வெளிய…" என்று இன்னாசி ஐயா எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. எனக்குத் தெரியும்" என்றேன்.

பிள்ளைகளே, வாழ்க்கையில் 'எனக்குத் தெரியும்' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்து விடுங்கள். நான் விடவில்லை. விறுவிறுவென்று போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

சிக்கந்தரின் மேப்பில் அந்தக் கதவுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். நிஜத்தில் அங்கே ஒரு அறை. அறையில் ஐந்தாறு பெண்கள். நடுவில் வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு ஒரு அத்தை, அவர் கையில் சேலை மடிப்பு, அந்த மடிப்புக்குள் அரைகுறையாக செலின். அத்தை அலறினார். ஊக்கு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

நல்ல மனுஷன் என்ன செய்வான்? "மன்னிச்சிருங்க" என்று கதவைச் சாத்திவிட்டு வந்த வழியே திரும்புவான். ஆனால் அந்தக் கதவைத் திறந்தால் சட்டென்று இடது பக்கம் திரும்பி மேலே ஓட வேண்டும் என்று இரண்டு வருஷமாக என் உடம்பு பாடம் படித்திருந்தது. இடது பக்கம் திரும்பினேன். படி இருந்தது! சிக்கந்தர், நீ நல்லா இருப்பே! இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினேன். கீழே, "பிடிங்கடா அவன!" என்ற சத்தம். சத்தம் கேட்கக் கேட்க வேகம் கூடியது.

மாடியில் தண்ணீர்த் தொட்டி அதே இடத்தில் இருந்தது. மேப்பில் இல்லாத ஒன்றும் இருந்தது. தரை முழுக்க மிளகு காயப் போட்டிருந்தார்கள். இன்னாசி ஐயாவுக்குக் குமுளிப் பக்கம் மலையில் கொஞ்சம் மிளகுத் தோட்டம் உண்டு. காய்ந்த மிளகின் மேல் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அப்படியே சறுக்கிக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவர் இல்லாத பின்பக்கமாக வெளியே பறந்தேன். பறக்கும்போதும் எனக்குப் பயமே இல்லை. கீழே வைக்கோல் படப்பு இருக்கிறது என்ற தைரியம்.

வைக்கோல் படப்பு இல்லை. எருக்குழி இருந்தது.

(பிறகு சிக்கந்தரிடம் கேட்டேன். "சொவத்துல, தரையில ஒட்டுறதுக்கு ஆட்டத்துல படம் வச்சிருப்பான் மாப்ள. கல்லு, மரம், மண்ணு, வைக்கலு எல்லாம் இருந்துச்சு. சாணிக்கு மட்டும் படம் இல்ல. நான் என்ன செய்ய?" என்றான்.)

இடுப்பு வரை உள்ளே போனேன். அடி எதுவும் படவில்லை என்பதை எருவின் பெருமையாகச் சொல்லியே ஆக வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் குழியைச் சுற்றி சந்து முழுக்க நின்றது. பம்ப்செட் ஓஸைக் கொண்டுவந்து மாட்டைக் கழுவுகிற மாதிரி கழுவி, யாருடைய லுங்கியையோ கட்டச் சொல்லி, கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். சூசை மாமா ஜன்னல் வழியே கோயிலைப் பார்த்து நின்றார்.

இன்னாசி ஐயா நிதானமாக ஆரம்பித்தார்.

"தம்பி, எனக்குக் கோவமே இல்ல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இந்த வீட்டுக்குள்ள மாடிப்படி எங்கன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"பழக்கம்ங்க."

"பழக்கமா? எத்தன தடவ வந்திருக்கீக?"

"நெறையத் தடவ. தெனமும் சாயங்காலம் வந்துருவேன்."

"மாடிக்கா?"

"மாடிக்குத்தான். தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்துருப்பேன்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

"எதுக்கு?"

"வர்றவுகளச் சுடுறதுக்கு."

அம்மா "மாதாவே!" என்று உட்கார்ந்துவிட்டாள். இன்னாசி ஐயா தன் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "போன மாசம் மாடியில இருந்து ஒரு சாக்கு மிளகு காணாமப் போச்சுல்ல?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்பந்தம் போவது இருக்கட்டும். மிளகுத் திருடன், வீட்டுக்குள் பதுங்குகிறவன் என்ற பெயரோடு ஊர் திரும்பினால் இந்தப் பள்ளத்தாக்கில் எவன் எனக்குப் பெண் கொடுப்பான், எவன் தோட்டத்து மோட்டாரை நம்பிக் கொடுப்பான்? உள்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அந்த இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. போட்டோவில் பார்த்த கண்.

"ஐயா, இது கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றேன். "இந்த ஊரு, இந்த வீடு, எல்லாம். உத்தமபாளையத்துல சிக்கந்தர்னு என் கூட்டாளி கட்டுனது. அதுக்குள்ளதான் நான் வந்தேன். நெசமா வரல."

"கம்ப்யூட்டருக்குள்ள என் வீடா? எவன்டா அவன் என்னக் கேக்காமக் கட்டுனவன்?"

அந்த வீட்டுப் போனிலிருந்தே சிக்கந்தரைக் கூப்பிட்டேன். விஷயத்தைப் பாதி சொல்வதற்குள், "யா அல்லா, இன்னாசி ஐயா வீடா? எங்க அத்தா பழம் எடுக்குற வீடு மாப்ள அது! அசையாம அங்கனயே நில்லு, வர்றேன்" என்றான். வந்தான். டி.வி.எஸ். ஃபிப்டியில் முன்னால் சி.பி.யூ., பின்னால் பெரிய மானிட்டர், மானிட்டரைச் சுற்றிப் போர்வை, போர்வையைச் சுற்றிக் கயிறு. பார்த்தால் பிரசவத்துக்குக் கூட்டிப் போகிற மாதிரி இருந்தது.

அவனைக் கண்டதும் இன்னாசி ஐயாவின் மீசை கொஞ்சம் தளர்ந்தது. "நம்ம பழக்கார பாய் மகனா நீ?" என்றார். மாதா படத்துக்கு முன்னாலிருந்த மேசையை ஒதுக்கினார்கள். மானிட்டர் வெளிச்சமானது. பஸ் நிறுத்தம் தெரிந்தது. சிக்கந்தர் மெதுவாக நடக்க நடக்க டீக்கடை, குழாயடி, வேப்பமரம்.

பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு ஆத்தா, "ஏ, நம்ம கோயிலுடீ!" என்றாள். அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது.

"அந்தா எங்க வீடு! திருப்பு, திருப்பு!"

"கொடிமரம் இன்னும் கொஞ்சம் ஒசரம்ப்பா."

"அதெல்லாம் சரி பாயி, ரெண்டாவது தெருவுல எங்க வீட்டக் காணோமே?"

சிக்கந்தர் நெளிந்தான். "அது வந்து… அங்கன நின்னு சுடுறவனுக்கு மறைச்சுச்சு. அதான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா! பட்டா இருக்குற வீடுடா அது!"

அந்த மனுஷரைச் சமாதானப்படுத்த, திரும்பக் கட்டித் தருவதாக எல்லார் முன்னாலும் சிக்கந்தர் வாக்குக் கொடுத்தான். (கட்டியும் கொடுத்தான். இரண்டு மாடியாக. நிஜத்தில் அது ஓட்டுவீடு.) இன்னாசி ஐயா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முட்டுச்சந்து வந்தது. அவர் வீடு வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என் வீட்டுக் கதவு நீலம். இதுல பச்சையா இருக்கு" என்றார்.

"மாத்திரலாம்ங்க ஐயா."

"மாத்தணும்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அப்ப மிளகு?" என்றார்.

"மேப்புல மிளகு வைக்கலைங்க" என்றான் சிக்கந்தர்.

திருடன் என்ற பேச்சு அதோடு விழுந்தது. ஆனால் பெண் பேச்சு எழும்பவில்லை. இன்னாசி ஐயா சூசை மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பையன் கெட்டவக இல்ல, ஒத்துக்குறேன். ஆனா தெனமும் சாயங்காலம் ஒளிஞ்சு உக்காந்து சுடுறவகளுக்கு எப்படிங்க…" என்று இழுத்தார். மாமா தலையாட்டினார். அம்மா பையை எடுத்தாள். அவ்வளவுதான் என்று நானும் லுங்கியை இறுக்கிக்கொண்டேன்.

அப்போது உள்கதவு முழுசாகத் திறந்தது. செலின் வெளியே வந்தாள். சேலை மடிப்பு இன்னும் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. (ஊக்கு கிடைக்கவில்லை.) நேராக மானிட்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இந்தச் செவுத்துல என்ன இத்தன ஓட்ட?" என்று கேட்டாள்.

"நாங்க சுட்டது" என்றேன்.

"எங்க வீட்டையா?"

"என்னையத்தான் சுட்டாங்க. குறி தப்பி வீட்டுல பட்ருச்சு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இந்த ஊர்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச எடம் எது? தொட்டியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொட்டிதான் என்று சொல்லியிருக்கலாம். ஜெயித்ததெல்லாம் அங்கே இருந்துதான். ஆனால் ஏற்கெனவே எல்லாம் போயாச்சு, இனிப் பொய் எதற்கு?

"தொட்டி இல்ல. வாய்க்காப் படித்துறை. அந்தப் புங்க மரத்தடி. அங்கன நின்னா யாரையும் சுட முடியாது. யாரும் வரவும் மாட்டாக. தண்ணிச் சத்தம் மட்டும் கேக்கும். சண்ட முத்திப் போனா நான் பாட்டுக்கு அங்கன போயி நின்னுருவேன்."

"அதுனாலதான் மாப்ள நம்ம அணி தோக்குது!" என்று கத்தினான் சிக்கந்தர்.

செலின் சிரித்துவிட்டாள். அப்புறம் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "அங்கன உக்காந்துதான்ப்பா இவுக போட்டோவப் பாத்தேன்."

"பாத்து?" என்றார் அவர்.

"அன்னிக்குப் பிடிக்கல" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த 'அன்னிக்கு' என்ற சொல்லை என்ன செய்வது என்று தெரியாமல் கூடம் கொஞ்ச நேரம் விழித்தது. முதலில் புரிந்துகொண்டவள் என் அம்மாதான். எடுத்த பையை மெதுவாகக் கீழே வைத்தாள். ஆறிப்போன பஜ்ஜித் தட்டை இன்னாசி ஐயா என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க. ஆனா கை கழுவணும்னா என்னயக் கேளுங்க" என்றார்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். தாத்தா வீட்டுக்கு நாம் போகும்போதெல்லாம் அவர் வாசலில் என்னைக் கண்டதும், "ஏம்மா, மாடிக் கதவச் சாத்து, மருமகன் வந்துட்டாக" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாரே, அது இதனால்தான். ரசத்தில் காரம் தூக்கலாக இருந்தால், "மாப்பிள்ள கொண்டாந்த மிளகா?" என்று கேட்பதும் இதனால்தான். எருக்குழி மூடி, அந்த இடத்தில் இப்போது அவர் கார் நிறுத்துகிறார். ஊரில் யாருக்காவது வழி சொல்லும்போதுகூட, "நம்ம மருமகன் குதிச்ச வீட்டுக்கு முந்துன வீடு" என்றுதான் சொல்கிறார்கள். அரசாங்கம் வைத்த தெருப் பெயர் எவருக்கும் நினைவில்லை.

ஒன்று மட்டும் உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. நிச்சயம் முடிந்த மறுவாரம் ஒரு மத்தியானம் சென்டருக்குப் போனேன். சிக்கந்தர் தொழுகைக்குப் போயிருந்தான்; உள்ளே ஒரு ஆள் இல்லை. மேப்பைப் போட்டேன். எதிரி கிடையாது, கூட்டாளி கிடையாது. துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டு, ஓடாமல், சுவரை ஒட்டாமல், தெரு நடுவில் நடந்து கோயிலைச் சுற்றிச் சந்துக்குள் போனேன். கதவுக்குச் சிக்கந்தர் நீலம் அடித்திருந்தான். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் என் கால் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளே போனேன்.